ஜெயித்த மறுவாரம் விலக வந்தவள்

1. "நான் இனிமே வரல டீச்சர்"

தோற்கிற டீமிலிருந்து பிள்ளைகள் கழன்றுகொள்வது வழக்கம்தான். முதல் ரவுண்டில் வெளியேறி வந்த மறுநாள் ஒருத்திக்கு வயிற்றுவலி, இன்னொருத்திக்கு அத்தை வீட்டில் விசேஷம், மூன்றாமவளுக்குத் திடீரென்று படிப்பின்மேல் அக்கறை வந்துவிடும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான். ஆனால் மாவட்டப் போட்டிக்கு முந்தின படியான குறுவட்டப் போட்டியிலிருந்து கோப்பையோடு திரும்பிய மறுவாரமே, அந்தக் கோப்பைக்குப் பாதிக் காரணமானவள் வந்து நின்று விலகுகிறேன் என்று சொன்னது என் சர்வீஸில் அந்த ஒரு முறைதான்.

அவள் பெயர் தாரணி. ஆறாம் வகுப்பு. பள்ளி, திருவண்ணாமலையைச் சுற்றும் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே நான் உடற்கல்வி ஆசிரியை. பிள்ளைகள் வாயில் 'பி.டி. டீச்சர்'. கணக்கு டீச்சர் வாயில் 'உங்க பீரியட கொஞ்சம் குடுங்களேன்'. கடன் வாங்கிய பீரியடை அந்த அம்மாள் இன்றுவரை திருப்பிக் கொடுக்கவில்லை. ரிட்டயரும் ஆகிவிட்டேன், போகட்டும்.

எங்கள் விளையாட்டு கோ-கோ. தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சேசிங் டீமில் எட்டுப் பேர் வரிசையாக, ஒருத்தி இந்தப் பக்கம் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து, கட்டத்துக்குள் குந்தியிருப்பார்கள். ஒன்பதாமவள் துரத்துவாள். அவளுக்கு வேண்டும்போது உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி "கோ" என்பாள். தட்டப்பட்டவள் எழுந்து துரத்த வேண்டும். எதிர் டீம் மூன்று மூன்று பேராக உள்ளே இறங்கி, தொடப்படாமல் ஓட வேண்டும்; ஒருத்தியைத் தொட்டால் துரத்துகிறவர்களுக்கு ஒரு பாயிண்ட். ரெண்டு முனையிலும் ஒரு கம்பம், அதுதான் போல். எங்கள் கிரவுண்டில் ஒன்று மலை போல், மற்றது ரோடு போல். வெளியூர் மேட்ச்சுக்குப் போனாலும் என் பிள்ளைகள் "மலை போலுக்கு ஓடுடி" என்றுதான் கத்துவார்கள். மலையே இல்லாத ஊரில் எதிர் டீம் திகைத்து நிற்கும். அதுவே எங்களுக்கு ஒரு பாயிண்ட்.

தாரணி ரன்னர். ஒல்லி உடம்பு, இடுப்பைத் தாண்டும் தலைமுடி. அதை ரெட்டை ஜடையாக மடித்துக் கட்டி ரிப்பன் போட்டால் காதுக்குப் பக்கத்தில் வடைச் சட்டியின் இரண்டு பிடிகள் மாதிரி தொங்கும். குறுவட்ட ஃபைனலில் அந்தப் பெண்ணை எதிர் டீமின் பெரிய பெரிய பிள்ளைகள் துரத்தித் துரத்தி மூச்சுவாங்கிப் போனார்கள். கடைசி விசில் அடிக்கும்வரை அவளை யாராலும் தொட முடியவில்லை. எதிர் பள்ளி பி.டி. சார் என் பக்கத்தில் வந்து, "இன்னா மேடம், இதுக்கு சோறு போடறீங்களா, காத்து போடறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பிள்ளைதான் தலையைக் குனிந்துகொண்டு "நான் இனிமே வரல டீச்சர்" என்றது.

செய்தி எப்படியோ தலைமையாசிரியர் காதுக்குப் போய்விட்டது. ஓடி வந்தார். "டீச்சர், அவள வுட்டா மாவட்டத்துல கப்பு எங்கேர்ந்து வரும்? சீசன் நடுவுல விடறதாவது! அவ அப்பனக் கூப்புட்டு நாலு வார்த்த சொல்லுங்க."

"சார், புள்ள இன்னும் வாயே தொறக்கல. கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

2. நான் கேட்கும் கேள்வி

விலக வரும் பிள்ளையிடம் "ஏன்?" என்று கேட்க மாட்டேன். ஏன் என்பது போலீஸ் கேள்வி. அதற்குப் பிள்ளைகள் கைவசம் எப்போதும் ஒரு பொய் வைத்திருப்பார்கள். "எது வரைக்கும் உனக்குப் புடிச்சிருந்துச்சு?" என்றுதான் கேட்பேன். இதற்குப் பொய் சொல்ல யோசிக்க வேண்டும். யோசிப்பதற்குள் உண்மை வந்துவிடும்.

முன்பு ஒருத்தி, "புது ஷூ வாங்கற வரைக்கும் டீச்சர்" என்றாள். பார்த்தால் ஷூ சின்னது, குதிகால் முழுக்கப் புண். அப்பா ஆசையாக வாங்கி வந்ததை எப்படிக் குறை சொல்வது என்று விளையாட்டையே விட வந்துவிட்டாள். ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் ஓடு என்றேன், ஓடினாள். வேறொருத்தி கண்ணை அகலத் திறந்து, "எப்பவுமே புடிக்கல டீச்சர். எங்க அக்கா ஆடினான்னு சேத்துவுட்டாங்க" என்றாள். அவளை அன்றைக்கே கைகுலுக்கி அனுப்பினேன். பிடிக்காத பிள்ளையைப் பிடித்து வைத்து ஓடவிட அது என்ன கொத்தடிமை வேலையா?

ஆனால் விலகுவதற்கும் என்னிடம் முறை உண்டு. விலகுகிறவள் திருட்டுத்தனமாக நிற்கக் கூடாது. கிரவுண்டுக்கு வந்து கூட ஆடும் பிள்ளைகளிடம் தன் வாயால் சொல்ல வேண்டும். யாரும் கிண்டல் பண்ணக் கூடாது. அவள் வீட்டுக்கு நான் போய்ச் சொல்வேன், அடி விழாமல் இருக்க. அவளுடைய இடம் அன்றைக்கே ரிசர்வில் இருக்கும் அடுத்தவளுக்குப் போகும்.

தாரணியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். "எது வரைக்கும் புடிச்சிருந்துச்சு?"

அவள் யோசிக்கவே இல்லை. "குறுவட்டத்துல ஜெயிக்கிற வரைக்கும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயிப்பதற்காகத்தானே ஆடுகிறோம்? மேலே கேட்டால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். விட்டுவிட்டேன்.

3. கரும்புச்சாறு

அவளுடைய அப்பா ஏழுமலைக்குக் கிரிவலப் பாதையில் கரும்புச்சாறு கடை. அவருக்கு ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம்; அங்கே கொஞ்சம் மணிலா, அதாவது வேர்க்கடலை, போடுகிற நிலம் அண்ணன் பொறுப்பில் இருக்கிறது. இவர் இங்கே மெஷினோடு வந்துவிட்டார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனம் ரோட்டை அடைத்துக்கொண்டு நடக்கும்போது அந்தக் குடும்பத்துக்குக் கை ஓயாது. அன்றைக்கு ப்ராக்டீஸும் கிடையாது. என் டீமில் பாதிப் பேர் வீட்டுக் கடையில்தான் நிற்பார்கள்.

தாரணியிடம் பேசிய அன்று சாயங்காலம் பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஏழுமலை மெஷினை நிறுத்திவிட்டுக் குரல் கொடுத்தார்.

"டீச்சர்! ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போங்க. ஐஸு கம்மியா போடறேன்."

மகள் விலக வந்தது அவருக்குத் தெரியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அத்தனை பூரிப்பு. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்துகொண்டே பேசினார்.

"குறுவட்டத்துல நம்ம புள்ள ஆடினத செல்லுல புடிச்சி அனுப்பிச்சிருந்தாங்க. கடைக்கு வர எல்லாருக்கும் காட்டிக்கினு இருக்கேன் டீச்சர். மாவட்டத்துலயும் மொத எடம் வரணும்னு எங்க கொலதெய்வத்துக்கு நேந்துக்கினு இருக்கேன்."

"என்ன நேந்துக்கினீங்க?" என்றேன், கிளாஸை வாயில் வைத்துக்கொண்டு.

"மொட்ட."

"உங்களுக்கா?"

"எனக்கு எதுக்கு? ஆடறது அவ. அவளுக்குத்தான்."

கரும்புச்சாறு எனக்குப் புரையேறியது. பின்னால் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி செல்வி தலையைத் தூக்காமலே சொன்னார். "நான் சொன்னேன் டீச்சர். பொம்பளப் புள்ள, பெரிய புள்ளையா ஆவப்போற வயசு. பூமுடி குடுத்தாப் போதும், நுனியில ஒரு விரக்கட வெட்டிக் குடுத்துடலாம்னு. கேட்டாத்தான?"

"சாமி கிட்ட கஞ்சத்தனம் பண்ணுவாங்களா?" என்றார் ஏழுமலை. "ஒண்ணர வயசுல இந்தப் புள்ள காச்சல்ல கண்ணத் தொறக்காம கெடந்துது டீச்சர். அப்பவும் மொட்டதான் நேந்துக்கினேன். எழுந்து ஒக்காந்துச்சி. நம்ம சாமிக்குக் கணக்கு சுத்தம்."

விலகும் சேதியைப் பிள்ளைதான் முதலில் டீமிடம் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் வீடு. காலி கிளாஸை வைத்துவிட்டு நடந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் சிரிப்பு வந்தது. பாதி வழியில் கோபம் வந்தது. இறங்கும்போது அந்தப் பிள்ளை ஏன் வாய் திறக்கவில்லை என்று விளங்கியிருந்தது.

4. "கால் கேக்கல டீச்சர்"

மறுநாள் தாரணியிடம் நேராகவே கேட்டேன். "மொட்டைக்குப் பயந்துதானே?"

அணை உடைந்த மாதிரி அழுதாள். அழுது முடிக்கட்டும் என்று இருந்தேன்.

"அப்பா கிட்ட வேணாம்னு சொல்லலாமே?"

"நேந்துக்கினத வேணாம்னு சொன்னா சாமி குத்தம் டீச்சர். அப்பாவுக்கு எதனா ஆயிடும். ஆடலன்னா ஜெயிக்கவும் மாட்டேன், மொட்டையும் இல்ல, குத்தமும் இல்ல."

பதினோரு வயசு மூளை எவ்வளவு தூரம் போய்வந்திருக்கிறது பாருங்கள். சாமிக்கும் அப்பாவுக்கும் தன் தலைமுடிக்கும் சேதாரம் இல்லாமல் ஒரே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். அந்த வழிக்கு அவள் கொடுத்த விலை, உயிராக நினைத்த விளையாட்டு.

இன்னொன்றும் கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் தெரிந்துகொள்ள ஆசை. "ஏண்டி, ஆடிக்கினே வேணும்னு அவுட் ஆயிருக்கலாமே? யாருக்குத் தெரியப்போவுது?"

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ப்ராக்டீஸ்ல செஞ்சு பாத்தேன் டீச்சர். வரல. தொட வந்தா கால் தானா ஓடுது. நில்லுன்னா கால் கேக்கல."

எத்தனையோ மேடையில் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டபோது வந்த பெருமை ஒரு சால்வைக்கும் வந்ததில்லை. பொய்யாகத் தோற்கத் தெரியாத ஒரு பிள்ளை என் டீமில் இருந்திருக்கிறாள். இனிமேல் இருக்கமாட்டாள், அதுதான் வேதனை.

"சரி. நீ விலகிக்கலாம்" என்றேன். "டீம் கிட்ட நீயே சொல்லணும்."

சாயங்காலம் எல்லாரையும் அவரவர் கட்டத்தில் உட்காரச் சொன்னேன். தாரணி நடுவில் நின்று சொன்னாள். மொட்டை என்றதும் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். கேப்டன் பவித்ரா திரும்பி ஒரு முறை முறைத்தாள், சிரிப்பு அடங்கியது.

பிறகு பவித்ராவே மெதுவாக ஆரம்பித்தாள். "டீச்சர், மொத எடம் வந்தாத்தான மொட்ட? ஃபைனல் வரைக்கும் போய் தோத்துட்டா?"

"அடி செருப்பால" என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. "தோக்கறதுக்கு ஒரு டீமா? அப்படி ஆடறதா இருந்தா எல்லாரும் இப்பவே வீட்டுக்குப் போங்க."

ரிசர்வில் இருந்த கௌசல்யா கையைத் தூக்கினாள். தாரணி விலகினால் அந்த இடம் அவளுக்குத்தான் வரும். அது எல்லாருக்கும் தெரியும்.

"டீச்சர், சாமிக்கு முடிதான வேணும்? நம்ம டீம்ல பன்னெண்டு பேரு இருக்கோம். ஆளுக்குக் கொஞ்சம் பூமுடி குடுத்தா ஒரு மொட்டைக்கு சரியா வந்துடும். ஜெயிக்கப்போறது எல்லாரும்தான?"

"எனக்கு ஓகே" என்றாள் பவித்ரா. "எனக்கும்", "எனக்கும்" என்று வரிசையாகக் கைகள் எழுந்தன. மலை போலிலிருந்து ரோடு போல் வரைக்கும் ஒரு கை பாக்கியில்லை. கண்ணாடி முன்னால் நின்று முடிக்குள் வகிடு தேடுகிற வயசுப் பிள்ளைகள் அவை. நான் விசிலைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

தாரணி தலையை ஆட்டினாள். "வேணாங்க்கா. எங்கப்பா என் முடின்னுதான் சொல்லியிருக்காரு. வேற முடி குடுத்தா சாமி ஒத்துக்கலன்னா? நீங்க ஆடுங்க. நான் இல்லாம நீங்க ஜெயிச்சா வேண்டுதல் சேராது."

ஒவ்வொருத்தியிடமும் போய்க் கைகுலுக்கினாள். பையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனாள். பின்னாலேயே ஓடப் பார்த்த இரண்டு பேரை நிறுத்தினேன். "யாரும் அவளக் கெஞ்சக் கூடாது. கெஞ்சி வர புள்ள எனக்கு வேணாம். கௌசல்யா, எழுந்து வா. இனிமே அந்த எடம் உன்னுது."

5. ஏழுமலையிடம் சொல்லப் போனேன்

அன்றைக்கே கடைக்குப் போனேன். தாரணி அங்கே இல்லை, வீட்டில் இருந்தாள். நல்லதாகப் போயிற்று.

"ஏழுமலை, உங்க பொண்ணு டீம்லேர்ந்து விலகிட்டா. நான்தான் விலகிக்கன்னு சொன்னேன்."

கரும்பைப் பாதி உள்ளே விட்டிருந்த மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"இன்னா டீச்சர் சொல்றீங்க? நடுவுல வுடறதாவது! ஆரம்பிச்சத முடிக்கணும்னு நீங்கதான புள்ளைங்களுக்குச் சொல்லணும்? நீங்களே வுட்டுட்டா எப்படி? இன்னிக்கு ஆட்டத்த வுடுவா, நாளைக்குப் படிப்ப வுடுவா. இருங்க, வீட்டுக்குப் போய் ரெண்டு போட்டா தானா வருவா."

"கை வெச்சீங்கன்னா நான் சும்மா இருக்கமாட்டேன்" என்றேன். "முதல்ல ஏன் விலகினான்னு கேளுங்க."

சொன்னேன். மொட்டைக்குப் பயந்ததை, அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்து வாய் திறக்காததை, வேண்டுமென்றே அவுட் ஆகப் பார்த்தும் கால் கேட்காததை. கடைசியில் மற்றப் பிள்ளைகள் சொன்னதையும் சொன்னேன்.

ஏழுமலை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அத்தன புள்ளைங்களும் முடி குடுக்கறேன்னுதுங்களா?"

"ஒண்ணு பாக்கியில்லாம."

"அதுங்களுக்கு இன்னா வந்துச்சி?" என்றார். "டீச்சர், நான் பத்தாவது தாண்டல. அவ ஆடற ஆட்டம்கூட எனக்கு சரியா வெளங்காது. எப்ப கைதட்டணும்னுகூடத் தெரியாது. என் புள்ளைக்கு நான் வேற இன்னா செய்ய முடியும்? எனக்குத் தெரிஞ்சது நேந்துக்கறது ஒண்ணுதான்."

திட்டுவதற்காகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எனக்கு அங்கேயே தீர்ந்துபோயின. கெட்ட அப்பன் இல்லை. மகளைப் பற்றி அவ்வளவு பெருமை. அதைக் கொட்ட ஒரு இடம் வேண்டும், குலதெய்வத்திடம் கொண்டுபோய்க் கொட்டிவிட்டார். கொட்டும்போது மகளை ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"நீங்க யோசிங்க" என்றேன். "அவள ஆடச் சொல்லி மட்டும் வற்புறுத்தாதீங்க. அவ விலகினது விலகினதுதான்."

6. பௌர்ணமிக்கு முந்தின நாள்

பௌர்ணமிக்கு முந்தின நாள் கிரிவலப் பாதையில் கடை வைத்திருப்பவர் யாரும் இடத்தை விட்டு நகரமாட்டார்கள். கரும்பு வந்து இறங்கும், ஐஸுக்குச் சொல்லிவைக்க வேண்டும், பக்கத்துக் கடைக்காரன் அரை அடி தள்ளிப் பந்தல் போட்டுவிடாமல் காவல் இருக்க வேண்டும். அந்த நாளில் ஏழுமலையைக் கடையில் காணோம். செல்வி தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "காலைலயே பஸ் ஏறிட்டாரு டீச்சர். எங்கன்னு கேட்டா, வந்து சொல்றேன்றாரு" என்றார்.

மறுநாள் காலை பிரேயர் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட கேட்டில் ஒரு மொட்டைத்தலை, முழுக்கச் சந்தனம். ஏழுமலை என்று எனக்கே சட்டென்று அடையாளம் தெரியவில்லை. மீசையையும் எடுத்திருந்தார்.

தாரணி வரிசையிலிருந்து பார்த்தாள். ஓடி வந்து அப்பாவுக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டாள். அவர் முகம் அவளுக்குப் புதுசாக இருந்திருக்கும்.

"குடுத்துட்டம்மா" என்றார். "பூசாரி கிட்ட கேட்டேன். புள்ளைக்காக அப்பன் குடுத்தா சாமி தாராளமா ஏத்துக்கும்னாரு. ஜெயிச்சதுக்கு அப்புறம்னு இல்ல, முன்னாடியே குடுத்துட்டேன். சாமிக்கு நம்ம பாக்கி ஒண்ணும் இல்ல. நீ ஜெயிச்சாலும் சரி, தோத்தாலும் சரி. ஆடினாலும் சரி, ஆடாங்காட்டியும் சரி."

அவள் பக்கத்தில் போய் அப்பா தலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். சந்தனம் விரலில் ஒட்டியது. "குளுருதாப்பா?" என்று கேட்டாள்.

"கொஞ்சம்" என்றார்.

அவ்வளவுதான் இரண்டு பேரும் பேசிக்கொண்டது. அவர் கடையைப் பார்க்க ஓடினார். ரோட்டில் ஜனம் அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டது.

தாரணி உடனே திரும்பி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சில நாள் கழித்து, சாயங்காலம் பையோடு கிரவுண்ட் ஓரத்தில் நின்றாள்.

"டீச்சர், நான் வரலாமா?"

"வரலாம். ஆனா உன் எடத்துல கௌசல்யா ஆடறா. நீ ரிசர்வ். சம்மதமா?"

ஒரு கணம் முகம் சுருங்கியது. பிறகு, "சம்மதம் டீச்சர்" என்றாள்.

தலைமையாசிரியர் விடுவாரா? "இன்னா டீச்சர், கையில வெண்ணெய வெச்சிக்கினு நெய்க்கு அலையறீங்க? ஒம்போது பேர்ல போடுங்க அவள."

"சார், கௌசல்யா அந்த எடத்துக்குன்னு உழைச்சிக்கினு இருக்கா. விலகினவளுக்கு வாசல் தொறந்து இருக்கும். ஆனா நாற்காலிய நான் தொடச்சி வெச்சிக்கினு காத்திருக்க மாட்டேன்" என்றேன். அவருக்குக் கோபம். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. விலக விடுவதில் நான் எவ்வளவு தாராளமோ, இடத்தைத் திருப்பிக் கொடுப்பதில் அவ்வளவு கறார். ஒன்றில்லாமல் மற்றது நிற்காது. தாரணியும் அதைக் குறை சொல்லவில்லை. கௌசல்யாவுக்குப் போலைச் சுற்றித் திரும்பும் வித்தையை அவளே சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தேன்.

7. மாவட்டம்

மாவட்டப் போட்டி டவுன் மைதானத்தில். முதல் இரண்டு மேட்ச்சும் தாரணி பெஞ்சில்தான். தண்ணீர் பாட்டில் தூக்கினாள், தொண்டை கிழியக் கத்தினாள். கௌசல்யா நன்றாகவே ஆடினாள். ஃபைனலுக்கு வந்துவிட்டோம்.

ஃபைனலில் கடைசி டர்னில் துரத்துவது அவர்கள், ஓடுவது நாங்கள். இரண்டே இரண்டு பாயிண்ட் மேலே இருந்தோம். மூன்று பேர் கொண்ட கடைசி பேட்ச் இறங்கும் நேரத்தில், அதில் ஓட வேண்டிய கௌசல்யாவுக்குக் கால் பிசகிவிட்டது. ஊன்ற முடியவில்லை. ரெஃப்ரியிடம் சொல்லி ஆளை மாற்ற அனுமதி வாங்கினேன். கௌசல்யா என் தோளைப் பிடித்துக்கொண்டே நொண்டி வந்து, "தாரணி, போடி! நான் ஆடறதா நெனச்சிக்கினு ஆடு" என்றாள்.

மைதானத்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஏழுமலை நின்றிருந்தார். தலையில் முடி அரிசி அளவுக்கு முளைத்திருந்தது. தாரணி எழுந்ததும் கைதட்ட ஆரம்பித்தவர், அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

கூட இறங்கிய இரண்டு பேரும் சீக்கிரமே தொடப்பட்டார்கள். பாயிண்ட் சமமாகிவிட்டது. தாரணி விசில் வரைக்கும் நின்றால் சமன், ஆட்டம் எக்ஸ்ட்ரா டைமுக்குப் போகும். தனியாக ஓடினாள். என்ன ஓட்டம் அது! சேசர் வலது கை நீட்டினால் இவள் இடது பக்கம் இல்லை, வேறெங்கோ இருந்தாள். சுற்றி நின்ற மற்ற பள்ளிப் பிள்ளைகள்கூடக் கூச்சல் போட ஆரம்பித்தார்கள். டைம்கீப்பர் விசிலை வாயில் வைத்துவிட்டார். அந்த நேரத்தில் ஒரு உயரமான பெண் போலைப் பிடித்துக்கொண்டு உடம்பை முழுசாக நீட்டி டைவ் அடித்தாள். விரல் நுனி தாரணியின் குதிகாலில் பட்டது. அதன் பிறகுதான் விசில்.

தோற்றுவிட்டோம். இரண்டாம் இடம்.

தாரணி மண்ணில் உட்கார்ந்து அழுதாள். மற்ற பதினோரு பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். கௌசல்யா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒருத்தி வாயிலிருந்தும் "உன்னாலதான்" என்று வரவில்லை. ஏழுமலை கயிற்றைத் தாண்டி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

"வுடும்மா. ரெண்டாவது எடம்னா சும்மாவா? பரவால்ல."

அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்த பார்வையில் கண்ணீரும் கோபமும் சமமாக இருந்தன. "பரவால்ல இல்லப்பா! இன்னும் ஒரே ஒரு சுத்து. நின்னிருந்தா போதும்!"

அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டார். "டீச்சர், இவ்ளோ அழுவறாளே. அடுத்த வருசத்துக்கு எதனா நேந்துக்கட்டா?"

"வாய மூடிக்கினு இருங்க ஏழுமலை" என்றேன்.

இப்போது வேலைக்கு வரும் இளம் பி.டி. டீச்சர்கள் என்னிடம் கேட்பதுண்டு, நடுவில் விட வருகிற பிள்ளையை விடலாமா, பிடித்து நிறுத்தலாமா என்று. விட வருவது விளையாட்டையா, வேறு எதையாவதா என்று முதலில் பாருங்கள் என்பேன். தாரணி விட வந்தது கோ-கோவை இல்லை. பிள்ளையைக் கேட்காமல் அவள் தலையில் பெரியவர்கள் தூக்கி வைத்த ஒரு பாரத்தை. அதை இறக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நான் அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தால் அந்தப் பாரம் இறங்கியே இருக்காது. விட்டதால்தான் அவள் அப்பாவுக்கு அது கண்ணில் பட்டது.

அன்றைக்கு வேனில் ஊர் திரும்பும்போது பின்சீட்டில் தேம்பல் நிற்கவே இல்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "இன்னா டீச்சர், புள்ள இன்னும் அழுவுது, எதனா சொல்லக் கூடாதா?" என்றார். "அழட்டும்பா" என்றேன். ஜெயித்துவிடுவோமோ என்று பயந்து ஓடிப்போன பிள்ளை, தோற்றுவிட்டோமே என்று அழுதுகொண்டிருந்தாள். என் சர்வீஸில் நான் கேட்டதிலேயே நல்ல சத்தம் அதுதான்.